கூரைக்குள் புதைந்த விளக்குகள்: எர்த் இருக்கிறதா?

வீட்டில் விளக்கு என்றால் கூரையில் ஒரு மரக்கட்டை, அதில் ஒரு ஹோல்டர், ஹோல்டரில் ஒரு பல்பு என்றிருந்த காலம் உண்டு. ஹோல்டர் பேக்லைட்டால் ஆனது. பல்பு கண்ணாடியால் ஆனது. கை படக்கூடிய உலோகம் என்று அதில் பெரிதாக எதுவும் இல்லை. எனவே விளக்குக்கு இரண்டு கம்பிகள் போதும் என்று எண்ணியே பலரும் வயரிங் செய்தார்கள். மூன்றாவது கம்பியாகிய எர்த், இஸ்திரிப் பெட்டியையும் குளிர்சாதனப் பெட்டியையும் செருகும் மூன்று துளைப் பிளக் பாயிண்டோடு நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தால் இன்றும் இந்த நிலையைக் காணலாம்.

இப்போது அதே வீடுகளில், கூரைக்குக் கீழே இன்னொரு கூரை வந்துவிட்டது. துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டங்களைத் தொங்கவிட்டு, அவற்றில் ஜிப்சம் பலகைகளைத் திருகாணியால் முடுக்கி, வட்ட வட்டமாகத் துளையிட்டு எல்.இ.டி. விளக்குகளைப் புதைக்கிறார்கள். ஃபால்ஸ் சீலிங் என்று இதைச் சொல்கிறோம். பார்வைக்கு அழகுதான். ஆனால் பேக்லைட் ஹோல்டர் இருந்த இடத்தில் இப்போது இருப்பது அலுமினிய உடல் கொண்ட விளக்கு. அதைச் சுற்றிலும் அறை முழுவதும் இரும்புச் சட்டம். அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவருவதோ, பழைய மின்விசிறிப் பாயிண்டிலிருந்தோ விளக்குப் பாயிண்டிலிருந்தோ முறுக்கி இழுத்த அதே இரண்டு கம்பிகள்! எட்டு விளக்கு, பன்னிரண்டு விளக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போவார்கள். பலகை மூடிய பிறகு உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

எர்த் கம்பியின் வேலை

நம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் கம்பி மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதனால் ஃபேஸ் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் இருப்பதுபோலவே, ஃபேஸ் கம்பிக்கும் நாம் நிற்கும் தரைக்கும் இடையிலும் 230 வோல்ட் இருக்கிறது. விளக்கினுள் காப்புறை தேய்ந்து ஃபேஸ் கம்பி அலுமினிய உடலைத் தொட்டுவிட்டதென்று கொள்வோம். விளக்கு வழக்கம்போல எரிந்துகொண்டிருக்கும். ஆனால் அதன் உடல் முழுவதும் 230 வோல்ட்டில் காத்திருக்கும். ஒட்டடை அடிக்க அலுமினியக் குழாய்க் கொம்பை நீட்டுபவரோ, வெள்ளையடிக்க இரும்பு ஏணியில் ஏறுபவரோ அதைத் தொடும்வரை ஒன்றும் தெரியாது.

தொட்டால் என்ன ஆகும்? மனித உடலின் மின்தடை ஒரே அளவில் நிற்பதில்லை. உலர்ந்த தோலுக்குச் சில ஆயிரம் ஓம் இருக்கும். ஈரக்கையும் வெறுங்காலுமாக நின்றால் 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இது எவ்வளவு பெரிய அளவு? அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், தாமாக முன்வந்த 134 ஆண்களையும் 28 பெண்களையும் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். கையில் பிடித்த மின்கம்பியைத் தாமாக விட்டுவிட முடிகிற எல்லை எது என்பதே கேள்வி. ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று விடை கிடைத்தது. அதற்கு மேல் போனால் தசைகள் இறுகிக் கை விடாது. நாம் கணக்கிட்ட 230 மில்லி ஆம்பியர் அந்த எல்லையைப்போல் ஏறத்தாழ பதினான்கு மடங்கு! இதயத்தின் துடிப்பைக் குலைக்க அது தாராளமாகப் போதும்.

விளக்கின் உடலிலிருந்து மண்ணுக்கு ஒரு தடிமனான செப்புக் கம்பி முன்பே போட்டிருந்தால், அந்த மின்னோட்டத்துக்கு மனிதனைவிட எளிய வழி கிடைக்கிறது. பெருமளவு மின்சாரம் அவ்வழியே பாய்ந்து, ஃபியூஸ் போய்விடும், மின்சாரம் நிற்கும். பள்ளிப் பாடநூல்கள் எர்த் கம்பியைப் பற்றி இந்த அளவோடு நிறுத்திவிடுகின்றன. இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஃபியூஸ் போகுமா?

நம் ஊர் வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் வீட்டுப் புறத்தில் தோண்டிய குழிதான். இரண்டரை மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு மூடுவார்கள். அந்தக் குழிக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு மின்தடை உண்டு. ஈரமான களிமண்ணில் அது சில ஓம்தான். பாறை நிலத்திலும் வறண்ட மணலிலும் பல பத்து ஓம்வரை ஏறும். நம் வீட்டுக் குழியின் தடை 18 ஓம் என்றும், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துக் குழியின் தடை 2 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 ஓம். ஃபேஸ் கம்பி விளக்கின் உடலைத் தொட்டால் பாயும் மின்னோட்டம் 230 வகுத்தல் 20, அதாவது 11.5 ஆம்பியர்.

விளக்குச் சுற்றுக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருக்கிறோம். அதில் ‘பி’ வகையாக இருந்தால் உடனே விழுவதற்கு 18 முதல் 30 ஆம்பியர் வரை வேண்டும்; ‘சி’ வகையாக இருந்தால் 30 முதல் 60 வரை வேண்டும். 11.5 ஆம்பியரில் உள்ளே உள்ள பட்டை மெல்லச் சூடேறி வளைந்தால்தான் உண்டு. அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். 10 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் விழாமலேயே இருந்துவிடவும் கூடும். அதுவரை விளக்கின் உடலில் எவ்வளவு மின்னழுத்தம் இருக்கும்? 11.5 ஆம்பியரை 18 ஓமால் பெருக்கினால் 207 வோல்ட்! எர்த் கம்பி ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆபத்து நீங்கவில்லை.

இந்த இடைவெளியை அடைப்பதற்கு வந்ததே ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. ஃபேஸ் வழியே போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பகுதி மண் வழியே கசிந்தால் இரண்டும் சமமாகா. அந்த வேறுபாட்டை ஓர் இரும்பு வளையத்தில் சுற்றிய சுருள் உணர்ந்து சுவிட்சைத் தட்டிவிடும். இதே தத்துவத்தில் அமைந்த உயிர் காக்கும் கருவி ஒன்றை 1961-இல் உருவாக்கியவரும் முன்னே சொன்ன டால்சியலே. வீடுகளுக்குரிய கருவி 30 மில்லி ஆம்பியர் கசிவில் 0.3 வினாடிக்குள் விழ வேண்டும். 150 மில்லி ஆம்பியரில் 0.04 வினாடிக்குள் விழ வேண்டும். நம் 18 ஓம் குழியில் 11.5 ஆம்பியர் கசியும்போது அது கணமும் தாமதிக்காது.

அப்படியானால் ஆர்.சி.சி.பி. இருந்தால் எர்த் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. எர்த் கம்பி இல்லாத விளக்கில் பிழை ஏற்பட்டால் மின்சாரம் கசிய வழி இல்லை. ஆகவே கருவி விழாது. யாராவது வந்து தொடும்போதுதான் கசிவு தொடங்கும். அந்த நேரத்தில் எர்த் கம்பியின் வேலையைச் செய்வது மனித உடல். உயிர் பெரும்பாலும் தப்பும் என்பது உண்மை. ஆனால் எட்டடி உயர ஏணியின் உச்சியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு ஒரு கண அதிர்ச்சியே கீழே விழப் போதுமானது. கூரை விளக்கின் விபத்துகளில் இந்த விழுதலை மறந்துவிடுகிறோம்.

எர்த் கேட்காத விளக்குகள்

எல்லா விளக்குக்கும் எர்த் தேவை என்று எண்ண வேண்டாம். விளக்குகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பு விளக்கில் தொடக்கூடிய உலோகம் உண்டு. எர்த் திருகாணியும், அதன் அருகே மூன்று கிடைக்கோடுகள் கொண்ட எர்த் குறியும் இருக்கும். இதற்கு எர்த் கட்டாயம். இரண்டாம் வகுப்பில் காப்பு இரட்டையாக அமைந்திருக்கும். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த குறியால் இதை அறியலாம். இதற்கு எர்த் வேண்டியதில்லை. இணைக்க இடமும் இராது. மூன்றாம் வகுப்பு, தனிப்படுத்திய மிகக்குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குவது. சாய்சதுரத்துக்குள் ரோம எண் மூன்று இதன் குறி.

கூரைக்குள் புதைக்கும் எல்.இ.டி. விளக்கில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று பிளாஸ்டிக் பெட்டியில் அடங்கிய டிரைவர், மற்றது விளக்கு. டிரைவர் 230 வோல்ட்டை வாங்கி, உள்ளே ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மரால் பிரித்துத் தாழ்ந்த மின்னழுத்தமாக்கி விளக்குக்கு அனுப்பினால் விளக்கின் உடலைத் தொட்டாலும் தீங்கில்லை. ஆனால் மலிவுச் சரக்குகளில் அந்தச் சிறு டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிடுகிறார்கள். அப்போது எல்.இ.டி. வரிசை நேரடியாக மெயின் மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கும். எல்.இ.டி.கள் அமர்ந்திருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் அவற்றின் செப்புப் பாதைக்கும் இடையில் இருப்பது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவேயான காப்புப் படலம். வெப்பத்திலும் ஈரத்திலும் அது கெட்டால் விளக்கின் முகப்பு வளையம்வரை மின்சாரம் வந்துவிடும். குறி எதுவும் இல்லாமல், எர்த் திருகாணியும் இல்லாமல், உலோக உடலோடு வரும் விளக்கை விலை பார்த்து வாங்குவது சிக்கனம் ஆகாது.

தவறான சோதனைகள்

எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வயர்மேன்கள் சிலர் ஓர் எளிய வழியைக் கையாளுவார்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் 100 வாட் பல்பு ஒன்றைத் தொட்டுக் காட்டுவார்கள். பிரகாசமாக எரிந்தால், “எர்த் அருமையாக இருக்கிறது, சார்!” என்பார்கள். இதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். எரியும் 100 வாட் பல்பின் மின்தடை 529 ஓம். குழியின் தடை 50 ஓம் என்று மிக மோசமாக இருந்தாலும், மொத்தம் 579 ஓம். பாய்வது ஏறத்தாழ 0.4 ஆம்பியர், பல்புக்குக் கிடைப்பது 210 வோல்ட். கண்ணுக்கு வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆனால் அதே 50 ஓம் குழியில் உண்மையான பிழை ஏற்பட்டால் 4.6 ஆம்பியர்தான் பாயும். 6 ஆம்பியர் எம்.சி.பி. எத்தனை மணி நேரமானாலும் விழாது. பல்பு எரிந்தது என்பதால் எர்த் நல்லது என்று ஆகிவிடாது.

அது மட்டுமன்று. எர்த் கம்பி குழிக்குப் போகும் வழியில் அறுந்திருந்தால், சோதனைப் பல்பு எரியாது. ஆனால் அந்த நேரத்தில் வீட்டிலுள்ள எல்லா எர்த் கம்பிகளும், அவற்றோடு இணைந்த கிரைண்டர், வாஷிங் மெஷின் உடல்களும் பல்பின் வழியாக ஃபேஸோடு சேர்ந்துவிடும். சமையலறையில் ஒருவர் அப்போது கிரைண்டரைத் தொட்டால் 150 மில்லி ஆம்பியர் அவர் உடலில் பாயலாம். இந்தச் சோதனையை அடியோடு கைவிடுவது நல்லது.

டெஸ்டர் எனப்படும் நியான் திருப்புளியும் எர்த்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உடலில் மின்சாரம் இருக்கிறதா என்பதை மட்டுமே, அதுவும் பட்டும் படாமலும் காட்டும். எண் காட்டும் மீட்டரோ வேறு விதமாக ஏமாற்றும். எர்த் இல்லாத விளக்கின் உடலில் அதை வைத்தால் 70, 100, 115 வோல்ட் என்று ஏதேதோ காட்டும். சில டிரைவர்களில் மின் இரைச்சலைத் தடுப்பதற்காக ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடலுக்குச் சிறு கண்டென்சர்கள் வைத்திருப்பார்கள். அவற்றின் வழியே வரும் நிழல் மின்னழுத்தம் இது. ஒரு டிரைவரில் 2.2 நானோ ஃபாரட் கண்டென்சர்கள் இருந்தால் தொடுபவர் உடலில் பாய்வது 0.16 மில்லி ஆம்பியர்தான். பெரும்பாலோர் உணரவே மாட்டார்கள்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பத்து விளக்குகளின் எர்த் முனைகளையும் ஒரு பச்சைக் கம்பியால் அழகாகக் கோத்துவிட்டு, அந்தக் கம்பியின் மறுமுனையை எங்கும் இணைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகைக்கு மேல் வேலை செய்யும்போது இது எளிதில் நேர்ந்துவிடுகிறது. இப்போது பத்து டிரைவர்களின் கசிவும் சேர்ந்து 1.6 மில்லி ஆம்பியர் ஆகிறது. எந்த விளக்கைத் தொட்டாலும் சுரீர் என்கும். அதைவிட மோசம், ஒரே ஒரு விளக்கில் ஃபேஸ் உடலைத் தொட்டால் பத்து விளக்குகளின் உடலும் 230 வோல்ட்டுக்கு ஏறிவிடும். எர்த் கம்பியே போடாதிருந்தால் ஒரு விளக்கோடு நின்றிருக்கும் ஆபத்தைப் பாதி போட்ட எர்த் கம்பி அறை முழுதும் பரப்பிவிடுகிறது.

இன்னொரு குறுக்கு வழி, நியூட்ரலையே எர்த் முனையிலும் சேர்த்து முறுக்கிவிடுவது. நியூட்ரல் எங்காவது கழன்றால், ஃபேஸ் மின்சாரம் விளக்கின் உட்சுற்று வழியே வந்து அதன் உடலில் ஏறி நிற்கும். இதைச் செய்திருப்பதைக் கண்டால் அன்றே பிரித்தெடுக்கச் சொல்ல வேண்டும்.

சரியான சோதனை

சோதனையில் இறங்குமுன் மெயினை நிறுத்த வேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததே. நம் வீடுகளில் மறந்துபோவது இன்வெர்ட்டர். மெயினை நிறுத்திய மறுகணமே மின்வெட்டு என்று எண்ணி அது பாட்டரியிலிருந்து மின்சாரம் தரத் தொடங்கும். அது தருவதும் பெரும்பாலும் இந்த விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும்தான். எனவே இன்வெர்ட்டரையும் நிறுத்தி, அதன் வெளிவழிக் கம்பியையும் பிரித்துவிட்டு, விளக்கின் முனையில் மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டே கை வைக்க வேண்டும். சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் நிறுத்திவிட்டு வேலை செய்வது ஆகாது. சுவிட்சை நியூட்ரலில் மாட்டியிருந்தால், விளக்கு அணைந்திருக்கும்போதும் ஃபேஸ் மேலேயே இருக்கும்.

புதைந்த விளக்கை இரு பக்கமும் ஸ்பிரிங் கிளிப்புகள் தாங்கியிருக்கும். மெல்லக் கீழே இழுத்தால் வந்துவிடும். எத்தனை கம்பிகள் வருகின்றன என்று பாருங்கள். பச்சை, அல்லது பச்சையில் மஞ்சள் கோடிட்ட கம்பி எர்த்துக்குரியது. அது இருக்கிறதா, திருகாணியில் இறுகியிருக்கிறதா, வெட்டி மடித்துவிடப்பட்டதா? நிறத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. கையிலிருந்த சிவப்புக் கம்பி தீர்ந்துபோய்ப் பச்சையையே ஃபேஸுக்கு இழுத்த வேலையும் உண்டு.

இதன்பின் வரும் அளவீடுகளை அரசுச் சான்று பெற்ற வயர்மேனைக் கொண்டு செய்விப்பதே முறை. ஆனால் அவர் என்ன செய்கிறார் என்பதை வீட்டுக்காரர் அறிந்திருக்க வேண்டும். மெயின் பெட்டியிலுள்ள எர்த் பட்டையில் ஒரு நீண்ட கம்பியை மாட்டி, அதன் மறுமுனையை அறைக்குக் கொண்டுவருவார். மீட்டரை ஓம் அளவையில் வைத்து, ஒரு முனையை அக்கம்பியிலும் மறுமுனையை விளக்கின் எர்த் திருகாணியிலும் வைப்பார். அலுமினியத்தின் மேலுள்ள வண்ணமும் ஆக்சைடு படலமும் மின்சாரத்தைக் கடத்தா. எனவே மினுமினுக்கும் முகப்பு வளையத்தில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. நீண்ட கம்பியின் தடையை முன்பே தனியாக அளந்து கழித்துவிட வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.012 ஓம் தடை. 25 மீட்டருக்கு 0.3 ஓம். ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 0.45 ஓம். இதையொட்டி விடை வந்தால் நன்று. ஐந்து, பத்து ஓம் என்று காட்டினால் எங்கோ முறுக்கு தளர்ந்திருக்கிறது. அளவே வரவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது.

மீட்டர் அனுப்புவது மிகச் சிறு மின்னோட்டம். ஏழு இழைக் கம்பியில் ஆறு அறுந்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது நல்ல விடையே காட்டும். ஆகவே அளக்கும்போதே இணைப்புகளைச் சற்று அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா விளக்குகளிலும் அளக்க வேண்டும். கடைசி விளக்கில் எர்த் இருந்தால் நடுவிலும் இருக்கும் என்பதில்லை. ஜிப்சம் பலகை தாங்கும் இரும்புச் சட்டத்திலும் ஒரு முறை வைத்துப் பார்ப்பது நல்லது. பலகையை முடுக்கிய திருகாணி கம்பியைத் துளைத்துச் சட்டம் முழுதும் மின்சாரம் ஏறக்கூடும்.

அடுத்தது காப்புச் சோதனை. டிரைவர்களைக் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெக்கரால் கம்பிகளுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் ஒரு மெக ஓமுக்குக் குறையக் கூடாது. மழைக்காலத்தில் மாடி ஒழுகும் வீடுகளில் இந்த எண் இறங்கிவிடும். கடைசியாக, குழியின் தடையை எர்த் டெஸ்டரால் அளக்க வேண்டும். இதற்கு ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. ஐப்பசி மழையில் எல்லாக் குழிகளும் நல்ல எண்ணையே காட்டும்.

எர்த் இல்லை என்று தெரிந்தால்? பழைய குழாய்வழியே இன்னொரு பச்சைக் கம்பியை இழுக்க இடமிருந்தால் அதுவே சிறந்தது. குழாய் அடைத்துக்கொண்டிருந்தால், பலகைக்கு மேலேயே தனிக் கம்பி ஒன்றை மெயின் பெட்டிவரை கொண்டுபோகலாம். இரண்டும் இயலாதபோது, இரட்டைச் சதுரக் குறியுள்ள விளக்குகளாக மாற்றி, சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்துக்கொள்ள வேண்டும். பழைய நாளில் செய்ததுபோல் தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டுவது பயன்படாது. இன்றைய குழாய்கள் பிளாஸ்டிக்.

ஆர்.சி.சி.பி.யின் முகப்பிலுள்ள ‘டி’ என்ற பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் கருவியை மாற்றிவிட வேண்டும். அந்தப் பொத்தான் கருவிக்குள்ளேயே ஒரு தடையின் வழியாகக் கசிவை உண்டாக்குகிறது. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அது கச்சிதமாக விழும். இன்வெர்ட்டர் பாட்டரியில் ஓடும்போது மெயின் பெட்டியிலுள்ள கருவி விளக்குகளைக் காக்கும் என்றும் சொல்ல முடியாது. இன்வெர்ட்டருக்குப் பின்னால் தனியாக ஒன்று வைத்தாக வேண்டும்.